அமெரிக்கக் குடியேற்ற விசா நேர்காணல்: டிஎஸ்-260 முதல் விமானம் ஏறும்வரை ஒரு முழு வழிகாட்டி

நேர்காணல் தேதி வந்துவிட்டது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன கேள்வி கேட்பார்கள்?" நானும் அதைத்தான் கேட்டேன். அம்மாவுக்கும் பிறகு மனைவிக்கும் மனுதாரராக, அதாவது அவர்களுக்காக மனு போட்டவராக இருந்து, அதன்பின் உறவினர் நண்பர் என்று பலருக்குக் கூடவே இருந்து பார்த்தபின் சொல்கிறேன்: கேள்வியால் கவிழ்ந்தவர்கள் குறைவு. வரிசை தவறியவர்கள்தான் அதிகம். முன்னால் செய்யவேண்டியதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியவர்கள், கடைசியில் செய்யவேண்டியதை அவசரப்பட்டு முதலிலேயே முடித்தவர்கள்.

இது வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நடக்கும் குடியேற்ற விசா நேர்காணலைப் பற்றியது. சுற்றுலா விசா எடுத்தவர்களின் அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே திரும்பி வருவேன் என்று காட்டவேண்டும். இங்கே நிரந்தரமாகப் போகத் தகுதி இருக்கிறது என்று காட்டவேண்டும். இரண்டும் நேர் எதிர்.

1. முதலில், நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

வரிசை இதுதான். குடும்ப உறவு என்றால் ஐ-130, வேலை என்றால் பெரும்பாலும் ஐ-140 மனு. அதை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஏற்றதும் வழக்கு நேஷனல் விசா சென்டருக்கு, அதாவது என்விசிக்குப் போகும். அங்கே கட்டணம், பிறகு டிஎஸ்-260 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவம், பிறகு ஐ-864 (வருபவரைப் பணரீதியாகத் தாங்குவேன் என்று மனுதாரர் தரும் பத்திரம்) மற்றும் ஆவணங்களைப் பதிவேற்றுதல். எல்லாம் சரி என்றால் ஆவணங்கள் முழுமை என்று ஒரு செய்தி வரும். எல்லோரும் டிக்யூ என்று சொல்வது இதைத்தான்.

குடும்ப வகைக்கு ஆளுக்கு 325 டாலர், வேலை வகைக்கு 345 டாலர் விண்ணப்பக் கட்டணம். ஆதரவுப் பத்திரம் எனப்படும் ஐ-864-ஐச் சரிபார்க்க 120 டாலர். கட்டணம் ஏறாமல் படிவம் திறக்காது. பணம் வங்கியிலிருந்து போய்ச் சேர்ந்ததாகத் தளத்தில் தெரிய சில நாள் ஆகும். அதற்குள் பதறி இரண்டாவது முறை கட்டாதீர்கள்.

டிக்யூ வந்தவுடன் நேர்காணல் தேதி வந்துவிடும் என்பது பலரின் எண்ணம். அமெரிக்கக் குடிமக்களின் கணவன், மனைவி, பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகியோருக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. தூதரகத்தில் இடம் கிடைத்தால் போதும். மற்ற எல்லா வகைக்கும் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி, வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் எட்டியிருக்கவேண்டும். அண்ணன் தம்பி மனுவில் டிக்யூ வாங்கிவிட்டு மாதக்கணக்கில் என்விசிக்கு மின்னஞ்சல் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். என்விசி கையில் ஒன்றுமில்லை. புல்லட்டினைப் பாருங்கள்.

கூடவே ஒன்று. பிள்ளை 21 வயதை நெருங்கினால், விசா எண் கிடைக்கும் நிலை வந்த ஒரு வருடத்துக்குள் கட்டணம் கட்டியோ டிஎஸ்-260 சமர்ப்பித்தோ அடுத்த அடியை எடுத்துவிடுங்கள். 21 தாண்டினாலும் பிள்ளையாகவே கருத வழிசெய்யும் சட்டப் பாதுகாப்பு இந்தச் செயலைச் சார்ந்தது.

2. டிஎஸ்-260-ஐயும் பழைய மனுவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

நேர்காணலுக்கான உண்மையான தயாரிப்பு இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

அதிகாரியின் முன்னால் இருப்பது நீங்கள் நிரப்பிய படிவமும், சில வருடத்துக்கு முன் மனுதாரர் அனுப்பிய மனுவும். சில வகைகளில் அந்த மனு பத்து வருடத்துக்கும் மேல் பழையது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டுக்கும் உங்கள் வாய்ப்பேச்சுக்கும் இடையே பொருத்தம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, இரண்டையும் அச்செடுத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதிகள், பிள்ளைகளின் எண்ணிக்கை, முந்தைய திருமணங்கள், 16 வயதிலிருந்து குடியிருந்த முகவரிகள், கடந்த பத்து வருட வேலைகள், கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள், முன்பு மறுக்கப்பட்ட விசாக்கள். கடைசியாகச் சொன்னதில்தான் ஆட்கள் அதிகம் நழுவுகிறார்கள். என்றோ ஒரு சுற்றுலா விசா மறுக்கப்பட்டதை "அது பழைய கதை" என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பழைய கதை அவர்களிடம் அப்படியே இருக்கிறது.

திருமண வழக்குகளில் தேதியைக் குறிப்பாகப் பாருங்கள். உறவினர் பெண் ஒருத்திக்கு நடந்தது இது. கல்யாணம் ஒரு நாள், பதிவு அலுவலகத்தில் பதிந்தது ஐந்து வாரம் கழித்து. கணவன் மனுவில் பதிவுத் தேதியைப் போட்டிருந்தான். இவள் படிவத்தில் தாலி கட்டிய தேதியைப் போட்டிருந்தாள். தூதரகத்தில் அதிகாரி சன்னலில் கேட்டபோது இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல் சில விநாடி திகைத்து நின்றாள். இரண்டையும் விளக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் அந்தத் திகைப்புக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. முந்தைய நாளே இருவரும் பேசி வைத்திருக்கலாம்.

பிழை கண்டுபிடித்தால்? டிஎஸ்-260 சமர்ப்பித்தபின் நீங்களாகத் திருத்த முடியாது. சின்னப் பிழை என்றால் ஒரு தாளில் "இந்தக் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தேன், சரியான பதில் இது" என்று எழுதிவைத்து, சன்னலில் நீங்களே முதலில் சொல்லுங்கள். பெரிய பிழை என்றால் படிவத்தைத் திறந்துவிடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாகச் சொன்னால் திருத்தம். அவர் கண்டுபிடித்தால் அது வேறு மாதிரி தெரியும்.

3. பெயர்களைச் சரிசெய்யுங்கள்

தந்தை பெயரை முதலெழுத்தாகப் போடும் நமக்கு இது தனித் தலைவலி. கடவுச்சீட்டில் ஒரே பெயர், பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு, திருமணச் சான்றிதழில் முதலெழுத்து விரிந்து என்று மூன்று வடிவம் இருக்கும். கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றக் கட்டம் காலியாக இருந்தால், டிஎஸ்-260-ல் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, இயற்பெயர் கட்டத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடவேண்டும். விசாவிலும் அப்படியே வரும். அதைப் பிழை என்று நினைத்துப் பயப்படவேண்டாம்.

அம்மாவின் வழக்கில் நான் கோட்டைவிட்டது இங்கேதான். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது. அவர் கடவுச்சீட்டில் வேறு பெயர். நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த தாள் என்பதால் என் கண்ணுக்கு அது உறுத்தவே இல்லை. அம்மா தூதரகத்திலிருந்து வெளியே வந்து, கையிலிருந்த தாளை எழுத்துக்கூட்டி எனக்குப் போனில் படித்துக் காட்டினார். "நீ என் பிள்ளைதான்னு நிரூபிக்கணுமாம்டா" என்றார். அவர் குரல் எப்படி இருந்தது என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

பழைய பள்ளிப் பதிவேடுகள், குடும்ப அட்டை, இரண்டு பெயரும் ஒருவரே என்று மூத்த உறவினர் இருவர் கொடுத்த உறுதிமொழிப் பத்திரங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். வேலை முடிந்தது. ஆனால் இதை என்விசி கட்டத்திலேயே சேர்த்திருந்தால் அவர் இரண்டாம் முறை அலைந்திருக்கவேண்டாம்.

ஆகவே எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரை மட்டும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். வித்தியாசம் தெரிந்தால் விளக்கும் சான்றை இப்போதே தேடுங்கள். வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. எந்த ஆவணத்துக்கு எது மாற்றாக ஏற்கப்படும் என்று அதில் இருக்கும்.

4. போலீஸ் சான்றிதழ்

16 வயது முடிந்த ஒவ்வொருவருக்கும் வேண்டும். குடியுரிமை உள்ள நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கே. வேறு நாடுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கேயும். கைதானது எங்கே என்றாலும், இருந்தது எத்தனை நாள் என்றாலும் அங்கே. அமெரிக்காவில் இருந்த காலத்துக்குத் தேவையில்லை.

இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். முன்பு வேலை பார்த்த வெளிநாட்டிலிருந்து இதை வாங்குவது உங்கள் கையில் இல்லை. கைரேகை, தூதரக முத்திரை என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

சான்றிதழ் இரண்டு வருடத்தில் காலாவதியாகும். முன்பு வசித்த நாட்டிலிருந்து வாங்கியபின் அங்கே திரும்பிப் போகவில்லை என்றால் மட்டும் பழையது செல்லும். என்விசிக்குப் பதிவேற்றியபோது புதிதாக இருந்தது நேர்காணல் வரும்போது காலாவதி ஆகியிருக்கலாம். தேதியைப் பாருங்கள்.

5. ஐ-864: ஆதரவுப் பத்திரம்

குடும்ப வழக்குகளில் தாள் கேட்டுத் திருப்பி அனுப்பப்படுபவர்களில் நான் பார்த்தவரை இதுவே பெரிய காரணம். விண்ணப்பதாரர் இங்கே, நிரப்புபவர் அமெரிக்காவில். விண்ணப்பதாரர் அதைப் படித்தே பார்த்திருக்கமாட்டார். படியுங்கள்.

மனுதாரரின் வருமானம், அவர் குடும்ப அளவுக்கான அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்கவேண்டும். பணியிலுள்ள ராணுவத்தினர் தங்கள் துணைக்கோ பிள்ளைக்கோ மனு போட்டால் 100 சதவீதம் போதும். இந்த அளவு ஆண்டுதோறும் மாறும். ஐ-864பி என்ற தாளில் இருக்கும்.

குடும்ப அளவை எண்ணுவதில்தான் தவறு நடக்கிறது. மனுதாரர் தன்னை எண்ணவேண்டும், துணை, சார்ந்திருக்கும் பிள்ளைகள், இப்போது வரப்போகும் எல்லோரும், முன்பு வேறு யாருக்காவது ஐ-864 கொடுத்து அந்தப் பொறுப்பு இன்னும் நடப்பில் இருந்தால் அவர்களும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி மனு போட்டவர்கள் ஒருவர் பத்திரத்தில் மற்றவரை எண்ணாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

வருமானம் போதவில்லை என்றால் சொத்தைக் காட்டலாம். குறைபடும் தொகையைப் போல ஐந்து மடங்கு. குடிமகன் தன் துணைக்கோ வயது வந்த பிள்ளைக்கோ போட்டால் மூன்று மடங்கு. அல்லது கூட்டு ஸ்பான்சர், அதாவது மனுதாரரோடு சேர்ந்து பொறுப்பேற்கும் இன்னொருவர். அவர் உறவாக இருக்கவேண்டியதில்லை. 18 வயது முடிந்த குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்து அமெரிக்காவில் வசிக்கவேண்டும். ஆனால் கூட்டு ஸ்பான்சர் வந்துவிட்டார் என்று மனுதாரர் ஒதுங்கிவிட முடியாது. அவரும் தன் ஐ-864-ஐக் கொடுத்தே ஆகவேண்டும்.

மனுதாரர் வெளிநாட்டில் குடும்பத்தோடு வசிப்பவராக இருந்தால் இன்னொரு சிக்கல். அவர் குடியிருப்பு அமெரிக்காவில் இருக்கிறது, அல்லது உங்களோடு அங்கே திரும்பப் போகிறார் என்று காட்டவேண்டும். வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை போன்றவை உதவும். இந்தக் குறையைக் கூட்டு ஸ்பான்சரால் சரிசெய்ய முடியாது. பலர் இதைச் சன்னலில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

பதிவேற்றியபின் புது வரி ஆண்டு வந்திருந்தால், அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் புதிய வரி நகலையும், கடைசி சில சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப்போங்கள். அதிகாரி கேட்பது நேற்றைய வருமானத்தை அல்ல, இன்றையதை. வேலை வகையில் பெரும்பாலும் ஐ-864 கிடையாது. அங்கே, மனு போட்ட நிறுவனம் இன்னும் அந்த வேலையைத் தரத் தயார் என்று சமீபத்தில் எழுதிய கடிதம் முக்கியம்.

6. மருத்துவப் பரிசோதனை: நேர்காணல் கடிதம் வந்தபிறகு, ஆனால் உடனே

தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்யவேண்டும். குடும்ப மருத்துவர் கொடுக்கும் எந்த அறிக்கையும் செல்லாது.

கடிதம் வருமுன்பே ஆர்வத்தில் செய்துவிடாதீர்கள். பரிசோதனை சாதாரணமாக ஆறு மாதத்துக்கே செல்லும். விசாவின் காலமும் அதைத் தாண்டாது. நான்கு மாதம் முன்னதாகச் செய்தால், விசா கிடைத்தபின் வீட்டை ஒழித்துக் கிளம்ப இரண்டு மாதமே மிஞ்சும்.

அதே சமயம் நேர்காணலுக்கு முந்தைய நாள்வரை தள்ளவும் கூடாது. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் சந்தேகம் வந்தால் சளி மாதிரி எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். முடிவு வர சுமார் எட்டு வாரம் ஆகும். எப்போதோ வந்து ஆறிய தழும்புகூட எக்ஸ்ரேயில் தெரியலாம். முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் அந்தச் சீட்டுகளையும் பழைய எக்ஸ்ரேக்களையும் கொண்டுபோங்கள். ஒளிப்பதில் பலன் இல்லை.

தடுப்பூசி அட்டை தேடி எடுங்கள். இல்லாவிட்டால் வயதுக்கேற்ற ஊசிகளை மருத்துவரே போடுவார். அட்டை இருந்தால் ஊசியும் செலவும் மிச்சம். கர்ப்பமாக இருப்பவர் நுழைந்தவுடனேயே சொல்லிவிடவேண்டும். எக்ஸ்ரேக்கும் சில உயிர்த் தடுப்பூசிகளுக்கும் தனி விதி உண்டு.

முடிவை ஒட்டிய உறையில் கொடுத்தால் பிரிக்கக் கூடாது. சில இடங்களில் நேராக இணையம் வழியே தூதரகத்துக்கே போய்விடும்.

7. ஃபைலை அடுக்குதல்

சரி, இப்போது காகிதம். பதிவேற்றிய ஒவ்வொன்றின் அசலும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். மேலே வைக்கவேண்டியவை: நேர்காணல் கடிதம், ஒவ்வொருவரின் கடவுச்சீட்டு, டிஎஸ்-260 உறுதிப்பக்கம், புகைப்படங்கள். கடவுச்சீட்டு நீங்கள் அமெரிக்காவில் நுழைய நினைக்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லவேண்டும். புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி அணியாமல், ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

அதன் கீழே பிறப்பு, திருமணம், போலீஸ், ஐ-864 தொகுதி. முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ. இது இருவருக்கும் பொருந்தும், மனுதாரரின் பழைய திருமணத்துக்கும்தான். ஆங்கிலத்திலோ நேர்காணல் நடக்கும் நாட்டின் ஆட்சிமொழியிலோ இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

உறவு ஆதாரம் தனிக் கட்டு. கணவன் மனைவி என்றால் கல்யாண ஆல்பம் முழுவதையும் தூக்கிப்போகவேண்டாம். மனு போட்ட நாளிலிருந்து இன்றுவரை உறவு தொடர்கிறது என்பதுதான் கேள்வி. கல்யாணத்தில் நான்கு படம், அதன்பின் ஒவ்வொரு வருகையிலும் இரண்டு மூன்று, பயணச் சீட்டுகள், பணம் அனுப்பியதற்கான பதிவு, காலவாரியாகச் சில உரையாடல் பக்கங்கள். 300 பக்கம் கொண்டுபோனவருக்கு அதிகாரி கேட்ட ஒரே படம் அகப்படவில்லை. 30 பக்கம் கொண்டுபோனவர் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

ஃபைலை விண்ணப்பதாரரே அடுக்கட்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். மகன் அடுக்கிக் கொடுத்த ஃபைலில் அம்மாவால் எதையும் தேடி எடுக்க முடியாது. உள்ளே அவர் தனியாக நிற்கப்போகிறார்.

8. நேர்காணல் நாள்

கடிதத்தில் பெயர் உள்ள எல்லோரும் போகவேண்டும். மனுதாரர் வரவேண்டிய கட்டாயம் இல்லை.

கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், மடிக்கணினி, பென் டிரைவ் எதையும் எடுத்துப்போகாதீர்கள். வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், வைத்துக்கொள்ள இடம் தரமாட்டார்கள். வெளியே ஒருவர் நின்றால் நல்லது. ஆவணம் எதையும் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். மனுதாரரின் போன் எண்ணும் அமெரிக்க முகவரியும் ஒரு தாளில் எழுதி இருக்கட்டும். பாதிப் பேருக்கு எண் மனப்பாடம் இல்லை.

உள்ளே ஒரே சன்னலில் எல்லாம் முடியாது. முதலில் ஊழியர் ஒருவர் அசல்களை வாங்கிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். பிறகு பத்து விரல் ரேகை. கடைசியில் அதிகாரி. நடுவில் நீண்ட காத்திருப்பு. உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் கூப்பிடப்படுவார். அதற்கு அர்த்தம் தேடாதீர்கள்.

எந்த மொழியில் பேச வசதி என்பதை முதல் சன்னலிலேயே சொல்லுங்கள். தெரிந்த மொழியில் தெளிவாகச் சொல்வது, தெரியாத ஆங்கிலத்தில் தடுமாறுவதைவிட எவ்வளவோ மேல். குடியேற்ற விசாவுக்கு ஆங்கிலப் புலமை ஒரு தகுதி அல்ல.

9. அதிகாரியின் சன்னலில்

வலது கையை உயர்த்தச் சொல்லி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி வாங்குவார். கைரேகை வைத்ததும் டிஎஸ்-260 உங்கள் கையொப்பமிட்ட ஆவணம் ஆகிறது. அதற்கு முன் "ஏதாவது திருத்தம் உண்டா?" என்று கேட்டால், எழுதிவைத்த தாளை எடுக்கவேண்டிய நேரம் அதுதான்.

பேச்சு பெரும்பாலும் சில நிமிடம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வரும். கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். காதில் சரியாக விழாத கேள்விக்குத் தலையாட்டியவர்களால் வந்த வினை கொஞ்சமல்ல.

துணைக்கு: எப்படி அறிமுகம், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார், யாரோடு வசிக்கிறார், முன்பு திருமணம் ஆனவரா. பெற்றோருக்கு: எத்தனை பிள்ளைகள், யார் யார் எங்கே, மகன் எத்தனை வருடமாக அங்கே. அண்ணன் தம்பிக்கு: பெற்றோர் பெயர், உடன்பிறந்தவர்கள், எங்கே வளர்ந்தீர்கள். வேலை வகைக்கு: எந்த நிறுவனம், என்ன பொறுப்பு, என்ன சம்பளம், அனுபவம் எங்கே. எல்லோருக்கும்: அமெரிக்கா போயிருக்கிறீர்களா, காலம் கடந்து தங்கினீர்களா, கைதானீர்களா.

கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். ஒரு மாமியாரிடம் மருமகளின் சம்பளம் கேட்டால் அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. ஊகித்து ஒரு எண்ணைச் சொன்னால்தான் சிக்கல். விடைகளை மனப்பாடம் பண்ணவைக்காதீர்கள். ஒப்பித்தால் குரலிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறியிருந்தால் மூன்று வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடத் தடை. இவற்றுக்குத் தகுதியுள்ளவர்கள் ஐ-601 படிவம் வழியாக விலக்குக் கேட்க முடியும். ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்தோ பொய் சொல்லியோ விசா பெற முயன்றது தெரிந்தால் அந்தத் தடைக்குக் கால எல்லை கிடையாது. விலக்குக்கும் வழி குறுகல். காலம் கடந்து தங்கியதுபோல் ஏதாவது இருந்தால் நேர்காணலுக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வழிகாட்டிக் கட்டுரைகள் அதற்குப் போதாது, இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

10. தாள் கொடுத்து அனுப்பினால்

கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு, விசா ஏற்கப்பட்டது என்றால் வேலை முடிந்தது. தாள் கொடுத்தால் அதில் 221(ஜி) என்ற சட்டப் பிரிவு எண் இருக்கும். இணையதளத்தில் நிலையைப் பார்த்தால் ரெஃப்யூஸ்டு என்று காட்டும். அதைப் பார்த்து வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடும். சட்டப்படி அது மறுப்புத்தான். ஆனால் பெரும்பாலும் அதன் பொருள், இப்போதைக்கு முடிக்க முடியவில்லை என்பது.

தாளில் இரண்டில் ஒன்று இருக்கும். ஆவணம் கேட்டிருந்தால் பந்து உங்கள் கையில். கூடுதல் பரிசீலனை என்றிருந்தால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆவணம் கேட்டிருந்தால் ஒன்றொன்றாக அனுப்பாதீர்கள். எல்லாம் சேர்ந்தபின் ஒரே முறையாக, தாளில் சொன்ன வழியில் கொடுங்கள். பாதி வந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஓரம் வைப்பார்கள். உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பித்து, கட்டணமும் மறுபடி கட்டவேண்டும்.

சன்னலை விட்டு நகருமுன் தாளை ஒரு முறை படித்து, புரியாததை அங்கேயே கேளுங்கள். என் அம்மா கேட்கவில்லை, வெளியே வந்துதான் படித்தார். கேட்கலாம் என்று நான் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.

11. விசா கைக்கு வந்தபின்

கடவுச்சீட்டில் விசா ஒட்டி வரும்வரை வேலையை விடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள், பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

வந்ததும் அன்றே பெயரின் எழுத்து, பிறந்த தேதி, விசா வகை, காலாவதி நாள் நான்கையும் பாருங்கள். பிழை இருந்தால் கிளம்புமுன் தூதரகத்தில் திருத்துவது எளிது. ஒட்டிய உறை கொடுத்திருந்தால் பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். எக்ஸ்ரே தகடோ சிடியோ கொடுத்திருந்தால் அதுவும் கைப்பையில்.

யுஎஸ்சிஐஎஸ் குடியேறுபவர் கட்டணம் 235 டாலர். இது முன்பு கட்டியதோடு சேர்ந்தது அல்ல. பயணத்துக்கு முன் இணையத்தில் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், ஆனால் கார்டு அச்சாகாது. கார்டு வரும்வரை நுழைவு முத்திரை குத்திய விசாவே ஒரு வருடத்துக்கு கிரீன் கார்டாகச் செல்லும்.

முதன்மை விண்ணப்பதாரர் முதலில் நுழையவேண்டும், அல்லது எல்லோரும் ஒன்றாக. மனைவி பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுப் பிறகு போகலாம் என்பது நடக்காது.

மணமாகாத பிள்ளை என்ற வகையில் விசா பெற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விசா வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், கிளம்புமுன் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று வீட்டில் சொல்வார்கள். கூடாது. நுழையும் நாளிலும் மணமாகாதவராக இருக்கவேண்டும். விசா கையில் இருந்தாலும் அந்தத் தகுதி போய்விடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் பெற்றோர் போட்ட மனுவில், காத்திருக்கும் காலத்தில் கல்யாணம் ஆனால் மனுவே முறிந்துவிடும். கல்யாணத்தை நுழைந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

துணை வகையில் போகிறவர்கள் விமானத் தேதியைக் குறிக்குமுன் திருமண நாளைப் பாருங்கள். நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் சிஆர்1 என்ற நிபந்தனையுள்ள வகை, கார்டு இரண்டு வருடத்துக்குத்தான். அது முடியும் முன்னுள்ள 90 நாளில் ஐ-751 படிவம் போட்டு நிபந்தனையை நீக்கவேண்டும். விசாவில் சிஆர்1 என்றே இருந்தாலும், நுழையும் நாளில் இரண்டு வருடம் முடிந்துவிட்டால் நீங்கள் நிபந்தனையில்லாத ஐஆர்1. விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டிச் சொல்லுங்கள். முத்திரையில் அவர் கையால் எழுதும் வகையைச் சன்னலை விட்டு நகருமுன் படித்துப் பாருங்கள்.